நண்பன் நினைவாக ராணுவ அதிகாரிப் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை: 6.4 லட்சத்தை எப்படிச் செலவிடுவது?

தாமிரபரணி99

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் எங்களோடு என்.சி.சி.யில் இருந்த நண்பன் ஒருவன் ஷார்ட் சர்வீஸில் (குறுகிய காலப் பணியில்) கமிஷன் ஆகி, அதாவது ராணுவ அதிகாரியாகி, மூன்று வருடங்களுக்கு முன் பனிமலைப் பகுதியில் பணியில் இருக்கும்போது இறந்துபோனான். அவன் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பதினோரு பேர் சேர்ந்து மாதாமாதம் போட்ட பணம் இப்போது 6 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கிறது. வருடா வருடம் அவன் நினைவு நாளில் கல்லூரியில் ஒரு விழா வைத்து, ஐந்து என்.சி.சி. மாணவர்களுக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயும் ஒரு கேடயமும் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அவன் அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் எனக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ இடிக்கிறது, ஐயாயிரத்தை வைத்து அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள் என்று. அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு நிஜமாகவே பணம் எங்கே தேவைப்படுகிறது? அந்த வழியில் போனவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பரங்கிமலை_பழையவன்

தம்பி, உங்கள் நண்பனுக்கு என் வணக்கம். நானும் பரங்கிமலை ஓ.டி.ஏ.தான் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி), பத்து வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன்.

உங்கள் மனசுக்குள் இடிப்பது சரியான இடத்தில்தான் இடிக்கிறது. ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சிக் காலத்தில் கேடட்டுக்கு மாதம் 56,100 ரூபாய் ஸ்டைபண்ட் உண்டு. டேராடூன் ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.விலும் அப்படித்தான். ஆகவே உள்ளே போய்விட்ட ஷார்ட் சர்வீஸ் கேடட்டுக்கு உங்கள் ஐயாயிரம் பெரிய விஷயமில்லை. உள்ளே போவதற்கு முன்னால்தான் பணம் இல்லாமல் ஆள்கள் உதிர்ந்துபோகிறார்கள். எஸ்.எஸ்.பி. (அதிகாரித் தேர்வு வாரியம்) நேர்முகத்துக்குப் போபாலுக்கோ பிரயாக்ராஜுக்கோ ஜலந்தருக்கோ வரச் சொல்லிக் கடிதம் வரும். ஒரு வகைக் கமிஷனுக்கு முதல் தடவை போகும்போது ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதே வகைக்கு இரண்டாம் தடவை போனால் கைக்காசுதான். பெரும்பாலானவர்கள் முதல் தடவையில் தேறுவதில்லை. நான் மூன்றாவது தடவை தேறினேன். இரண்டாவது தடவை போகும்போது அன்ரிசர்வ்டில் கழிப்பறைக் கதவோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து போய், இறங்கின அன்றைக்கே ஸ்கிரீனிங் என்னும் முதல்கட்ட வடிகட்டலில் உட்கார்ந்தேன். படத்தைக் காட்டி முப்பது விநாடி பார்க்கச் சொன்னார்கள், எனக்குக் கண் சொருகியது. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு யாரும் அன்றைக்கு உதவித்தொகை கொடுக்கவில்லை. தேறின பிறகு ஊரில் மாலை போட்டார்கள்.

வெண்ணிலா_அம்மா

என் மகன் என்.டி.ஏ.வில் (பிளஸ் டூ முடித்துச் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) நான்காவது டெர்ம் படிக்கிறான். மேலே அந்த சார் சொன்ன ஸ்டைபண்ட் கணக்கு என்.டி.ஏ.வுக்குப் பொருந்தாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதை நம்பித்தான் ஏமாந்தேன். அந்த அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவில் படிக்கும் மூன்று வருடமும் ஸ்டைபண்ட் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், புத்தகம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசு பார்த்துக்கொள்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கைச்செலவு பெற்றோர் பொறுப்பு. மாதம் மூவாயிரத்துக்கு மேல் ஆகாது என்று யு.பி.எஸ்.சி. அறிவிக்கையிலேயே போட்டிருக்கும். குடும்ப வருமானம் மாதம் 21,000க்குக் கீழே இருந்தால் அரசு மாதம் ஆயிரம் வரை தரும் என்றும் இருக்கும். அதற்குத் தாசில்தார் சான்று, விண்ணப்பம் என்று அலைய வேண்டும்.

அப்புறம் சேரும் அன்றைக்கே கட்ட வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. ஐந்து மாதக் கைச்செலவு முன்பணம், உடைகள், குழு காப்பீடு என்று எங்களுக்கு எல்லாம் சேர்ந்து அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. ஜாயினிங் லெட்டர் கைக்கு வந்ததற்கும் சேரும் நாளுக்கும் நடுவில் எங்களுக்குப் பதினேழு நாள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை அரிசி டப்பாவுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்து, வாங்க வாங்கப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, பூட்டு, டிரங்குப் பெட்டி. கடைசி நான்கு வரியை அடிக்க முடியவில்லை. நகையை வைத்துத்தான் அதை முடித்தோம். மகன் தேர்வானதற்குப் பாராட்டு விழா எடுத்து ஒரு சங்கம் பத்தாயிரம் கொடுத்தது, உண்மையிலேயே நல்ல மனிதர்கள், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் பணம் வந்தது அவன் போய் ஐந்து மாதம் கழித்து, விடுமுறையில் வந்தபோது.

ஐந்து பேருக்கு ஐயாயிரம் வேண்டாம் தம்பி. ஒருவருக்கு, அந்தப் பதினேழு நாளுக்குள், முழுசாகக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை

நான் ஆடிட்டர். நினைவு அறக்கட்டளைகள் சிலவற்றின் கணக்கைப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

யு.பி.எஸ்.சி.யின் என்.டி.ஏ. அறிவிக்கையைக் கடைசிப் பக்கங்கள் வரை படித்தவர்கள் குறைவு. பிற்சேர்க்கையில் அங்கே பெறக்கூடிய உதவித்தொகைகளின் பட்டியல் வரும். கர்னல் கெண்டல் ஃபிராங்க் நினைவு உதவித்தொகை என்று ஒன்று, முன்னாள் படைவீரரின் மகனாக இருக்கும் மராட்டிய கேடட்டுக்கு. அதன் மதிப்பு வருடத்துக்கு 360 ரூபாய். குயர் சிங் நினைவு உதவித்தொகை, பீகாரிலிருந்து முதலிடம் பெறும் இருவருக்கு, மாதம் 37 ரூபாய். அசாம் அரசு மாதம் 30 ரூபாய். விமானப்படை கேடட்டுக்கான பைலட் ஆபீசர் குர்மீத் சிங் பேடி நினைவு உதவித்தொகை மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, மாதம் 420.

இவற்றை நிறுவியவர்கள் யாரும் கஞ்சத்தனமாகக் கொடுத்தவர்கள் அல்ல. மாதம் 37 ரூபாயில் ஒரு பையனின் கைச்செலவு நடந்த காலம் இருந்தது. தொகையை ரூபாயில் எழுதிவிட்டார்கள், அது அப்படியே கல்லாகிவிட்டது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் இதே கதைதான், அந்தக் காலத்தில் யாரோ ஒரு தாத்தா தன் நிலத்தை விற்று வைத்த அறக்கட்டளைப் பரிசு இன்றைக்கு நூறு ரூபாய்க் கவரில் வந்து நிற்கும்.

உங்கள் 6.4 லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் போட்டால் வருடம் 44,800. அதை முழுவதும் கொடுத்துக்கொண்டே வந்தால் அசல் அப்படியே இருக்கும், விலைவாசி மட்டும் ஏறும். ஆறு சதவீத விலையேற்றத்தில் பணத்தின் மதிப்பு பன்னிரண்டு வருடத்தில் பாதியாகும். ஆகவே வட்டியில் ஒரு பகுதியை அசலில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், அப்படியானால் வருடம் ஆறாயிரம் சொச்சம்தான் கொடுக்க மிஞ்சும். இன்னொரு வழி, அசலையும் சேர்த்து வருடம் ஒரு லட்சம் என்று கொடுப்பது. ஒன்பது வருடத்துக்குக் கொஞ்சம் முன்பே பணம் தீர்ந்துவிடும். ஆனால் அந்த ஒன்பது வருடமும் அது உண்மையான உதவி.

கிழக்குவாசல்

எனக்கு இதில் உடன்பாடில்லை. நினைவு என்று சொல்லிவிட்டு ஒன்பது வருடத்தில் தீர்த்துவிட்டால் அது என்ன நினைவு? என் அண்ணன் பெயரில் நாங்கள் ஒரு பள்ளியில் வைத்திருக்கிறோம், தொகை சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் மைக்கில் அவன் பெயரைச் சொல்கிறார்கள். என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறாள். பத்தாவது வருடம் அந்தப் பெயர் ஒலிக்காது என்று உங்கள் நண்பனின் அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

அதோடு, இந்தப் பணம் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத்தான் போக வேண்டும் என்பதும் என் கருத்து. அந்தக் குடும்பங்கள் கொடுத்தது போதாதா?

பரங்கிமலை_பழையவன்

கிழக்குவாசல் அண்ணா, அம்மா முன்வரிசையில் உட்காருவதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் ஓ.டி.ஏ.வின் டிரில் ஸ்கொயருக்கு (அணிவகுப்புச் சதுக்கம்) பெயர் பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அங்கே பயிற்சி எடுத்து 1972இல் கமிஷன் ஆனவர், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் வீரமரணம், பரம்வீர் சக்ரா. அந்தப் பெயரை யாரும் எங்களுக்கு மைக்கில் வாசிக்கவில்லை. விடியற்காலையில் பூட்ஸ் போட்டு அந்தச் சதுக்கத்தில் நிற்பதே போதும், மறக்க முடியாது. உங்கள் அண்ணனின் பெயரைச் சொல்லித்தான் எஸ்.எஸ்.பி. டிக்கெட் வாங்கினேன், அவர் பெயரில்தான் டிரங்குப் பெட்டி வந்தது என்று ஒன்பது அதிகாரிகள் சொல்லிக்கொண்டு திரிந்தால் அதுவும் பெயர் நிற்பதுதானே.

முன்னாள் படைவீரர் பிள்ளைகள் விஷயம்: அவர்களுக்குப் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது, தொழிற்படிப்புக்குப் பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. போதும் என்று சொல்ல வரவில்லை, ஒரு கதவாவது இருக்கிறது என்கிறேன். கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறவர் மகனுக்கு எந்தக் கதவு?

இன்னொன்றும் இருக்கிறது, யாருமே பேசாதது. எஸ்.எஸ்.பி. தேறின பிறகு மெடிக்கல். அதில் தற்காலிகமாகத் தகுதியில்லை என்று வந்தால் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன்னால் சரிசெய்துகொண்டு போய் நிற்க வேண்டும். மூக்குத் தண்டு வளைவு, குடலிறக்கம், பல், காது மெழுகு, இப்படி. சிகிச்சை நம் செலவு. அரசு மருத்துவமனையில் அறுவைக்கு வரிசை எப்போது வரும் என்று காத்திருந்தால் 42 நாள் ஓடிவிடும். என் பேட்ச்சுக்கு முந்தின பேட்ச்சில் மெரிட்டில் வந்திருக்க வேண்டிய ஒரு பையன் குடலிறக்கத்தில் நின்றான். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிட்டது.

பாதியில்_நின்றவன்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் உள்ளே போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், வெளியே அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி ஒருவராவது சொல்வார் என்று பார்த்தேன்.

நான் ஓர் அகாடமியில் மூன்றாவது டெர்மில் இருந்தேன். எது என்று வேண்டாம். அப்ஸ்டகிள் கோர்ஸில் (தடை தாண்டும் பயிற்சி) மேலேயிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. ஒன்பது மாதம் ராணுவ மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்த்தார்கள். கடைசியில் மருத்துவக் காரணத்தால் விடுவிப்பு, போர்டட் அவுட். பயிற்சியில் இருந்ததால் நான் படைவீரன் ஆகவில்லை, ஆகவே முன்னாள் படைவீரனும் இல்லை. ஓய்வூதியம் என்ற பெயரில் எதுவும் கிடையாது, கருணைத்தொகை மட்டும். இந்த நிலைமையை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாதம் இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவ வசதி எங்களைப் போன்றவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அது பெரிய ஆறுதல்.

ஆனால் வீட்டுக்குத் திரும்பின முதல் வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன். வயது இருபது. பட்டம் பாதியில். கூடப் படித்தவர்கள் கல்லூரி இறுதியாண்டு. என் டிரங்குப் பெட்டியை அப்பா பரணில் ஏற்றும்போது அதிலிருந்த என் பெயரும் நம்பரும் சுவர்ப்பக்கம் திரும்பும்படி வைத்தார், நான் பார்க்கக்கூடாது என்று. மறுபடி முதலாமாண்டு பி.காம். சேர்ந்தேன். கட்டணம் கேட்டு நான்கு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று பிளஸ் டூ முடித்து ஒரே வருடத்துக்குள் என்றது. இரண்டு படைவீரர் பிள்ளைகளுக்கு. நான்காவது பயிற்சியில் தற்போது இருக்கும் கேடட்டுகளுக்கு மட்டும்.

உங்கள் நண்பரின் பெயரில் ஒரு வரி மட்டும் சேர்க்க முடியுமானால், பயிற்சியில் காயம்பட்டு வெளியே வந்தவர் படிப்பைத் தொடர முதல் வருடக் கட்டணம் என்று சேர்க்கச் சொல்வேன். வருடா வருடம் ஆள் கிடைக்காமல் போகலாம், போனால் நல்லதுதான்.

தாமிரபரணி99

பாதியில்_நின்றவன் அண்ணா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் பதினோரு பேருக்கும் அனுப்பினேன். அந்த வரி கண்டிப்பாக வரும். வேறு எது வந்தாலும் வராவிட்டாலும் அது வரும்.

வெண்ணிலா_அம்மா

தம்பி, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என் மகனுக்கும் அந்த அப்ஸ்டகிள் கோர்ஸ் இருக்கிறது. இப்போது உடம்பு எப்படி இருக்கிறது உங்களுக்கு?

பத்திரம் எழுதும்போது இன்னொன்றையும் பாருங்கள். மேலே அந்த 360 ரூபாய் உதவித்தொகையில் "மகன்" என்று இருக்கிறதே, அந்தச் சொல். என்.டி.ஏ.வில் 2022இல் தான் பெண்கள் சேர்ந்தார்கள், முதல் பேட்ச்சில் பதினேழு பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள். அந்தக் காலத்தில் மகன் என்று எழுதினவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும். "பிள்ளை" என்று எழுதுங்கள், அல்லது "கேடட்" என்று மட்டும் எழுதுங்கள்.

பாதியில்_நின்றவன்

பரவாயில்லை அம்மா. நடக்கிறேன், மழைக்காலத்தில் மட்டும் வலிக்கும். மகனைப் பற்றிப் பயப்படாதீர்கள், எங்கள் டெர்மில் அந்தத் தடையை எல்லோரும் தாண்டினார்கள், நான் ஒருவன்தான்.

கணக்குப்பிள்ளை

சில வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொது அறக்கட்டளையாகப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அப்புறம் வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கான வரி விலக்குப் பதிவும், நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைப்பதற்கான பதிவும். பத்திரத்தில் தொகையை ரூபாயில் எழுதவே வேண்டாம். "சேரும்போது கட்ட வேண்டிய தொகைக்கு ஈடாக" என்று எழுதுங்கள், அது ஏறினால் உதவியும் ஏறும். நோக்கத்தை மாற்றும் அதிகாரத்தையும் வையுங்கள், நாளைக்கு அரசே அந்த முன்பணத்தை நீக்கிவிட்டால் உங்கள் பணம் வேறு பள்ளத்துக்குப் போக வழி வேண்டும்.

வெளிநாட்டு நண்பர்கள் இருந்தால் கவனம். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. நல்ல மனசோடு தொடங்கி இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேடட்டிடம் எந்த உறுதிமொழியும் கேட்காதீர்கள். தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர்கள் வீட்டில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல் நாம் வேறு ஒரு பாரம் ஏற்ற வேண்டாம்.

கிழக்குவாசல்

மூன்று நாள் யோசித்தேன். பெயர் ஒலிப்பது முக்கியம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் பெயர் ஒலிக்க ஆகிற செலவு ஒரு மைக் வாடகைதான், அதற்கு 6 லட்சத்தைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை என்று என் மனைவி சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நினைவு நாளில் பெயரை வாசியுங்கள், பணத்தை அது தேவைப்படும் நாளில் கொடுங்கள். எங்கள் அண்ணன் அறக்கட்டளைக் கணக்கையும் இப்போது எடுத்துப் பார்க்கப் போகிறேன். கணக்குப்பிள்ளை சார், தனிமடலில் வரலாமா?

தாமிரபரணி99

நேற்று நண்பனின் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்தோம். விழா இல்லை. கல்லூரி என்.சி.சி. அறையில் அவன் படத்துக்குக் கீழே விண்ணப்பப் படிவம் இருக்கும், அவன் அம்மா அதை மட்டும் கேட்டார்கள்.

ஒன்பது வருடத்தில் தீர்ந்தால் தீரட்டும் என்று முடிவு. மாதாமாதம் போடுவதை நாங்கள் நிறுத்தப் போவதில்லை, அதனால் கொஞ்சம் கூடவே ஓடும். ஜாயினிங் லெட்டர் வந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் முழு முன்பணம். எஸ்.எஸ்.பி.க்கு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போகிறவருக்குப் படுக்கை வசதியோடு ரயில் டிக்கெட், நாங்களே எடுத்துக் கொடுப்பது. மெடிக்கல் 42 நாள் சிகிச்சைக்கு ஒரு தொகை தனியாக ஒதுக்கியாயிற்று. பயிற்சியில் காயம்பட்டுத் திரும்பியவருக்கு முதல் வருடக் கல்லூரிக் கட்டணம், பிளஸ் டூ முடித்து எத்தனை வருடமானாலும். கோச்சிங் சென்டர் கட்டணம் மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், அதில் பணம் எவ்வளவு போட்டாலும் அடி தெரியாது. அதற்குப் பதில் பரங்கிமலை அண்ணன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

படிவம் ஒரே பக்கம். பெயர், பிறந்த தேதி, கடிதத்தின் நகல், தந்தையின் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எண், இவ்வளவுதான். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

கருவேலம்

முதல் தடவை எழுதுகிறேன், என்.சி.சி. மூன்றாம் ஆண்டு. விட்டுப்போகவில்லை அண்ணா, ஒன்று கூடுதலாக இருக்கிறது. "தந்தையின் வருமானச் சான்று" என்பதைக் "குடும்ப வருமானச் சான்று" என்று மாற்ற முடியுமா? எனக்கு அப்பா இல்லை. ஒவ்வொரு படிவத்திலும் அந்த இடத்தில் கோடு போட்டு அம்மா பெயரை எழுதி, பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

தாமிரபரணி99

மாற்றிவிட்டேன் தம்பி. புதிய படிவத்தைக் காலையில் என்.சி.சி. அறையில் வைக்கிறேன். எஸ்.எஸ்.பி. கடிதம் வந்தால் அன்றைக்கே சொல், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.